கஸ்தூரி எலுமிச்சையும் பெரிய கிராணியின் விரதமும்

நேற்றுச் சாயங்காலம், என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் மாலா ஒரு காகிதப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பாயான் லெப்பாஸில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சம்பளம் வாங்கிய அன்றைக்கு எதையாவது வாங்கிவந்து என்னைத் தின்னவைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. நல்ல பெண்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். பெட்டியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் மஞ்சளாய், சதுரம் சதுரமாய், மேலே பொடிச் சர்க்கரை தூவின துண்டுகள்.

"லெமன் பார் அத்தே. வெள்ளைக்காரங்க பலகாரம். ஒங்களுக்கெல்லாம் தெரியாது லா. சும்மா ஒரு வாய் ருசி பாருங்க."

எனக்குத் தெரியாதாம்! கோபத்தை விழுங்கிக்கொண்டு ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். கடைப் பண்டம் எதுவானாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். அதனால் மாலா என்னைப் பூனை என்பாள். வெண்ணெய் வாசனை வந்தது, முட்டை வாசனை வந்தது, அடியில் எங்கோ எலுமிச்சைத் தோலின் வாசனையும் வந்தது. கரி வாசனை மட்டும் இல்லை. அது இல்லையே என்று தேடப்போய்த்தான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி, இதே ஜார்ஜ் டவுனில் என் அக்கா தைலம்மை இதைச் செய்தாள். நாங்கள் அதை 'மஞ்சத் துண்டு' என்போம். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அங்கிருந்த வெள்ளைக்கார டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தது. அந்த அம்மாள் ஊரில் குளிர்காலத்தில்தான் எலுமிச்சைக்கு ருசியாம். எங்களுக்கு ஏது குளிர்காலம்? வருஷக் கடைசி மழை விட்டதும் போர்வையை மடித்துவைக்கிற ஊர் இது. ஆனால் அந்த மழைக்குப் பிறகு எங்கள் வீட்டு மரத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்த்துத் தொங்கும். மலாய்க்காரர்கள் லீமாவ் கஸ்தூரி என்பார்களே, கோலிக்குண்டு அளவில், அந்தப் பழம். தோல் பச்சையாய் இருக்கும், உள்ளே ஆரஞ்சு நிறம். அம்மா ஊறுகாய் போட்டுப் போட்டு ஓய்ந்துபோவாள். மிச்சமெல்லாம் அக்காவுக்கு.

மாவையும் டின் வெண்ணெயையும் சர்க்கரையையும் அக்கா விரல் நுனியால் பிசிறுவாள். புட்டு மாவு பதம் வந்ததும் தட்டில் கொட்டி அழுத்தி முதலில் அதை மட்டும் சுட்டெடுப்பாள். அப்புறம் பழச்சாறு, துருவின தோல், எங்கள் வீட்டுக் கோழிகளின் முட்டை, சர்க்கரை எல்லாவற்றையும் அடித்து, வெந்நீர்ச் சட்டிமேல் வைத்துக் கிண்டுவாள். கரண்டியின் முதுகில் ஒட்டி நின்றால் பதம். அதை மேலே ஊற்றி மறுபடியும் நெருப்பு. அடுப்புப் பெட்டிக்கு நாங்கள் எங்கே போவோம்? பக்கத்து வீட்டுச் சீனத்து நோன்யா அம்மாள், சீனப் பெருநாளுக்குப் பாவுலு என்கிற முட்டைக் கேக் சுடுகிற வழிதான் எங்களுக்கும் வழி: கீழே கரி நெருப்பு, இரும்பு மூடியின் மேலேயும் கரி நெருப்பு. மேல் நெருப்பைக் கவனிக்கிற வேலை என்னுடையது. நான் கவனித்த லட்சணத்தில் முதல் தட்டு அம்மை வார்த்த முகம்போல் ஆகிவிட்டது. அக்கா திட்டவில்லை. "இதயும் யாராச்சும் தின்னத்தான் போறாங்க" என்றாள். நான்தான் தின்றேன், முழுத் தட்டையும்.

அக்கா அப்போது தமிழ்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தப் பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு ஒன்று வேண்டும் என்பது அவளுக்கு ஒரே பிடிவாதம். ஒரு கொட்டகை, இரண்டு அடுப்பு, இவ்வளவுதான் கேட்டாள். படித்து முடித்த பெண் நாலு வீட்டுக்குப் பலகாரம் செய்தாவது யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம் என்பாள். அதற்குச் சம்மதம் தரவேண்டியது பள்ளிக்கூடக் கமிட்டி. கமிட்டித் தலைவர் ஒரு பெரிய கிராணி. அந்தக் காலத்தில் பெரிய கிராணி என்றால் தலைமைக் குமாஸ்தா என்று மட்டுமா அர்த்தம்? அவர் நடந்துவந்தால் நாயும் எழுந்து நிற்கும். எங்கள் அப்பா சரக்கு எண்ணுகிற கிட்டங்கியிலும் அவர்தான் மேலே. பெயரைச் சொல்ல மாட்டேன். பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் கமிட்டிக்கு ஒரு தேநீர் விருந்து. அக்கா விடியக்காலமே எழுந்து இரண்டு தட்டு மஞ்சத் துண்டு சுட்டாள். அது தைப்பூச விரதக் காலம். காவடி எடுக்கிறவர்கள் மீன், இறைச்சி, முட்டை தொட மாட்டார்கள். அவர்களுக்கென்று தனியாகத் தேங்காய் மிட்டாய் கிண்டி, தனித் தட்டில் தனி மேசையில் வைத்தாள். பெரிய கிராணி அந்த வருஷம் காவடிக்கு நேர்ந்திருந்தார். கழுத்தில் மாலை, நெற்றி முழுக்க விபூதி, பார்த்தால் கும்பிடத் தோன்றும். தேங்காய் மிட்டாய் இருந்த மேசையைத் தாண்டி நேரே மஞ்சத் துண்டுக்கு வந்தார். அக்கா பதறிப்போய்ச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

"ஐயா, இதுல முட்டை இருக்கு. விரதக்காரங்களுக்கு அந்தத் தட்டுல வச்சிருக்கேன்."

"முட்டையா? எங்க, கண்ணுக்கே தெரியலையே டீச்சர்!"

சுற்றி நின்ற கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். பெரியவர் ஜோக் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும். அவர் ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், விரலை நக்கிவிட்டு மறுபடியும் எடுத்தார். எத்தனை என்று நான் எண்ணவில்லை. "கையில இம்புட்டு ருசி இருக்கே! சமையல் வகுப்பா? பாத்துருவோம், பாத்துருவோம்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அக்கா நடக்கவில்லை, மிதந்தாள். அடுப்பு எந்தப் பக்கம் வைப்பது, கரி எங்கே கொட்டிவைப்பது என்று வழியெல்லாம் அதே பேச்சு.

அந்த வாரமே, விரதக்காரர்கள் கூடிப் பஜனை பாடுகிற வீட்டில் யாரோ அவரைக் கேட்டுவிட்டார்கள்: "விரதத்துல முட்டைப் பலகாரம் சாப்பிட்டீங்களாமே அண்ணே?" தின்றதை ஒத்துக்கொண்டால் காவடி எடுக்க முடியாது. தின்னவில்லை என்று சொல்ல முடியாது, ஒரு கூடமே பார்த்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவேண்டும். அந்த மனுஷர் மறைத்தார்.

எங்கள் வீடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற பாதையில், நாலு ரோடு கூடுகிற முனையில் இருந்தது. வெள்ளிக்கிழமை, அமாவாசை என்றால் அக்கம்பக்கத்தில் திருஷ்டி கழிக்கிறவர்கள் எலுமிச்சையைத் தலையைச் சுற்றி அறுத்து, குங்குமம் தடவி அந்த முனையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள். அதை யாரும் மிதிக்கக்கூட மாட்டார்கள். எங்கள் மரத்தின் ஒரு கிளையோ வேலியைத் தாண்டி அதே ரோட்டின்மேல்தான் நீட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்த மறுநாள் காலையில் உதிர்ந்த பழங்களை அக்கா மடியில் பொறுக்கிக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டுப் பழம், எங்கள் வீட்டு மடி.

பெரிய கிராணி என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு என்னமோ மயக்கமா வந்துச்சுப்பா, கை தானா போச்சு. அந்தப் பொண்ணு நாலு ரோட்டுல எலுமிச்சை பொறுக்குறத நானே பாத்திருக்கேன். திருஷ்டி கழிச்சுப் போட்ட எலுமிச்சை! அதுல பலகாரம் செஞ்சா புத்தி எப்படி நெலயா நிக்கும்?" உடனே எல்லோருக்கும் புரிந்துவிட்டதாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. அவருக்கு ஒரு பரிகாரம் செய்து, விரதத்தை ஒட்டவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்கள் வேலியை ஒட்டி நடப்பதை விட்டு எதிர்ப்பக்கமாய் நடந்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள், திருஷ்டி எலுமிச்சை என்பது பெரிசாய், மஞ்சளாய், அறுபட்டு, குங்குமத்தோடு கிடப்பது. எங்கள் பழம் கோலிக்குண்டு. கண் உள்ளவனுக்கு வித்தியாசம் தெரியாதா? முட்டைதான் கண்ணுக்குத் தெரியவில்லை, எலுமிச்சையுமா தெரியாது?

கமிட்டி அக்காவைக் கூப்பிட்டது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், அறியாமல் நாலு ரோட்டில் பொறுக்கிவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று சொன்னால் வேலையில் இருக்கலாமாம். முந்தின நாள் அப்பா கெஞ்சினார். பாவம், அவருக்கு அவர் பயம்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரும்மா. பெரிய எடம். நமக்கு ஏன் இந்தச் சுசா, இந்தத் தொல்லை?"

"செய்யாதத செஞ்சேன்னு சொன்னா, நாளைக்கு அந்தப் பிள்ளைங்க என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்குமாப்பா?"

மறுநாள் அக்கா மரத்திலிருந்து ஒரு கிளையைப் பழத்தோடு ஒடித்து எடுத்துக்கொண்டு போனாள். என்னை உள்ளே விடவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவள் கிளையை மேசைமேல் வைத்தாள். ஒரு பழத்தை அறுத்துக் காட்டினாள். "இதுதான் ஐயா நான் போட்ட பழம். நாலு ரோட்டுல கெடக்குறது இதுவான்னு பாருங்க." ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் மேலே பல்லியைத் தேடினார். படித்த மனுஷர்கள், கோட்டு போட்ட மனுஷர்கள்! அக்கா பெரிய கிராணியைப் பார்த்து, "முட்டை இருக்குன்னு நான் சொன்னேனா இல்லையா ஐயா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். அவர் கண்ணை மூடி முருகா என்றார். அக்காவுக்கு வேலை போயிற்று. சமையல் வகுப்பும் அதோடு போயிற்று.

அப்புறம் தைப்பூசம் வந்தது. வருஷா வருஷம் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். எங்கள் மரத்துப் பழத்தைப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு, பெரிய மண்பானையில் ஊற்றிவைத்துக் காவடிக்காரர்களுக்குக் கொடுப்போம். அந்த வருஷம் வேண்டாம் என்றாள் அம்மா. அக்கா கேட்கவில்லை. காலையிலிருந்து பந்தலில் நின்றாள். ஜனங்கள் எங்களைப் பார்ப்பார்கள், பானையைப் பார்ப்பார்கள், அடுத்த பந்தலுக்குப் போய்விடுவார்கள். பானை குறையவே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அக்கா முன்னால் அழக்கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

உச்சி வெயிலில் பெரிய கிராணி வந்தார். தோளில் காவடி, காலில் செருப்பு இல்லை, தார் ரோடு கொதிக்கிறது. பக்கத்தில் கமிட்டிக்காரர்கள் வேல் வேல் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். மனுஷருக்கு வாய் வெளுத்து, நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பந்தல் வளைவுக்கு அந்தப் பக்கம். எங்கள் வாசலில் நின்றார். அக்காவைப் பார்த்தார். கையை நீட்டினார்.

நான் அக்கா கையைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, குவளையில் மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். குடித்தார். மறுபடியும் நீட்டினார். மறுபடியும் ஊற்றினாள். கமிட்டிக்காரர்களில் ஒருவர் வானத்தைப் பார்த்தார், ஒருவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். பெரிய கிராணி வாயைத் துடைத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு கூட்டம் எங்கள் பந்தலுக்கு வந்து மொய்த்தது. சாயங்காலத்துக்குள் பானை காலி.

"ஏன்க்கா குடுத்தே? அந்த ஆளுக்கு ஏன் குடுத்தே?" என்று நான் கத்தினேன்.

"காவடியோட வந்து கை நீட்டுறவருக்கு இல்லன்னு சொல்லலாமா? குடிச்சாரில்ல. எல்லாரும் பாத்தாங்கல்ல. போதும்டி."

போதுமாம்! வேலை திரும்பி வந்ததா? யாராவது வந்து, தப்பாய்ச் சொல்லிவிட்டோம் தைலம்மா என்றார்களா? பார்த்த ஜனம் பார்த்தபடியே மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தது.

அக்காவைப் புக்கிட் மெர்தாஜாமில் ரயில்வேக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷர், பின்னால் அவளுக்கு நிஜமான அடுப்புப் பெட்டியே வாங்கிக்கொடுத்தார். அதில் ரொட்டி சுட்டாள், பிஸ்கோத்து சுட்டாள். மஞ்சத் துண்டு மட்டும் சுடவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அவளும் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது மரம் போயிற்று, வீடும் போயிற்று. நாலு ரோட்டு முனையில் இப்போது சிவப்பு பச்சை விளக்கு எரிகிறது, திருஷ்டி எலுமிச்சை போட வருகிறவனும் பச்சை விளக்குக்குக் காத்து நிற்கவேண்டும். அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. மூடுகிறவரைக்கும் அதன் கூடத்தில் பெரிய கிராணியின் படம் மாலையோடு தொங்கியது.

மாலா இன்று காலையில் வந்து, "என்ன அத்தே, பெட்டி காலி? பிடிச்சிருந்துச்சா?" என்றாள். சர்க்கரை ஜாஸ்தி, தோல் துருவல் போதாது, மேல் நெருப்பு அதிகம் என்றேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு வருஷம் கழித்து எதுக்கு அத்தே இந்தக் கோபம் என்கிறாள்.

எதற்கா? அன்றைக்கு அந்தப் பந்தலைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் பார்த்தார்கள், அது போதும் என்றாளே அக்கா, அந்த எல்லோரிலும் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான். அதனால் சொல்லிவைக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் குடித்தார். எங்கள் மரத்து எலுமிச்சையை, என் அக்கா கையால், இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.