சுழி பார்த்து வாங்கிய காளை

மாட்டிறைச்சியை வாயில் வைக்காத ஒருவர் இறைச்சிக்காக மாடு வளர்க்கப் புறப்பட்டால், அவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும். அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. தகுதி: மட்டக்களப்புக் கிறிஸ்தவன், மாட்டிறைச்சி தின்பவன். மாட்டுக்கும் எனக்குமான உறவு கறிச்சட்டியில்தான் தொடங்குகிறது என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

அந்த ஒருவர் அண்ணை, யாழ்ப்பாணத்துச் சைவர். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்ப் பிரதேசத்துக்குப் புலம்பெயர்ந்து, புவாண்ட்-கிளேர் பண்டகசாலை ஒன்றில் என்னோடு பெட்டி தூக்கியவர். முதுகு போனதும் வீட்டை விற்று, வங்கிக் கடனும் எடுத்து, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அப்பால் ஒரு பண்ணை வாங்கினார். இறைச்சி இனமான கறுப்பு அங்கஸ் பசுக்கள் பண்ணையோடு வந்தன. காளையை மட்டும் அவரே தேடினார், ஊர் வழக்கப்படி மயிர்ச்சுழி பார்த்து. சுழிகள் சரியாக அமைந்திருந்தது ஒரு ஜேர்சிக் காளைக்கு. பால்மாட்டு இனம்.

"இதின்ரை தாய் குடம் குடமாப் பால் தந்ததாம், தம்பி."

"அண்ணை, நாங்கள் விக்கப்போறது இறைச்சிக்கெல்லோ?"

"நல்ல மாடெண்டால் எதுக்கும் நல்ல மாடுதான்."

ஆலோசகர் தலையாட்டினார்.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கன்று ஏலம். அந்த ஆண்டு வருமானம் முழுவதும் அந்த ஒரு காலையில்தான். கன்றுகள் விலைபோகாவிட்டால் பண்ணை வங்கிக்கு. அண்ணை உடைந்த முதுகோடு மறுபடி பெட்டிக்கு. வழியெல்லாம் மூடுபனி. முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். என் பிரெஞ்சு 'போன்ஜூர்' வணக்கத்தில் ஏறி 'மெர்சி' நன்றியில் இறங்கிவிடும்.

முதலில் யாரோ ஒருவருடைய அங்கஸ் கன்றுகள், அகன்ற பின்தொடையும் திரண்ட முதுகுமாக வந்தன. ஏலக்காரர் விலையை மூச்சுவிடாமல் பாட, கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. அடுத்து எங்களுடையவை. நிறம் தாயைப் போலக் கறுப்பு. உடம்பு தகப்பனைப் போல ஒடுங்கி, எலும்பு தெரிந்தது. பாட்டு மெதுவாகி நின்றது.

"என்னடா சொல்லுறான்?"

"இருமுறான், அண்ணை."

"அது எனக்கும் கேக்குது."

பக்கத்தில் இருந்த வியாபாரி இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். ஜேர்சி இறைச்சி மிருதுவானதாம், நல்ல சுவையாம். அவர் வீட்டில் அதைத்தான் தின்கிறார்களாம். ஆனால் சதை பிடிக்காது, கொழுப்பு மஞ்சளாக இருக்கும். கடைக்காரன் மஞ்சளை வாங்கமாட்டான். ஆகவே அவரும் கையைத் தூக்கமாட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

கடைசியில் மூலையில் ஒரு விரல் அசைந்தது. முன்னே போன கன்றுகளின் விலையில் பாதிகூட இல்லை. அண்ணை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் சிரிக்கவைக்க எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"வங்கிக்காரன் ஒரு வருசம் பொறுப்பான். வாற வருசக் கண்டுகளை வித்து..."

அங்கேயே நிறுத்திவிட்டார்.

"அண்ணை, இந்தக் கோடையிலை பசுக்களோடை எந்தக் காளையை விட்டனீங்கள்?"

பண்ணை வாசலில் வண்டி நின்றது. வேலியோரம் பசுக்கள், நடுவே அதே ஜேர்சிக் காளை, வரிசையாக நின்று எங்களைப் பார்த்தன. பசுக்கள் எல்லாமே சினை.