கதவை மறித்த செற்றி

பிள்ளைகளே, போன கிழமை அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்துச் சனம் பதாகை பிடித்து வீதியால் போவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "அப்பா, இவ்வளவு பேர் நடந்தால் அரசாங்கம் கேக்குமா?" என்று சின்னவள் கேட்டாள். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. நான் கண்ட ஒரு நாளைச் சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

இதே மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்சனில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மா சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமாகியும் எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வெளியே போகுமுன் எல்லோரும் பையைத் தொட்டு, அகதி அட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குப்பை கொட்டப் போனாலும் பார்க்கவேண்டும்.

அந்த வசந்தத்தில் 'சுதந்திரச் சந்தை' என்ற சொல் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் தலைவர்கள் கியூபெக் நகரத்தில் கூடி, பொருட்கள் தடையில்லாமல் நாடுவிட்டு நாடு போக வழி செய்யப்போகிறார்களாம். அம்மாவின் முதலாளி அதற்கு முன்னமே சொல்லிவிட்டார். சம்பளம் குறைந்த நாட்டில் சட்டையைத் தைத்து இங்கே கொண்டுவந்து விற்பதுதான் இலாபம், சந்தை அப்படித்தான் சொல்கிறது என்று.

"சந்தை எப்பிடியம்மா சொல்லும்?" என்று கேட்டேன்.

"அதுக்கு வாய் இல்லை. முதலாளியின்ர வாயாலதான் சொல்லும்" என்றார் அம்மா.

வேலை போனால் எங்களுக்கு என்ன வழி என்று அரசாங்கத்திடம் கேட்க, தொழிற்சாலைப் பெண்கள் ஊர்வலம் போக முடிவெடுத்தார்கள். பதாகையைத் தைக்கும் பொறுப்பு அம்மாவுக்கு. எழுத்துகளை வெட்டியவன் நான். வீட்டில் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. 'சட்டை எல்லை தாண்டுகிறது. நாங்கள்?' என்பதுதான் வாசகம். கேள்விக்குறியை மட்டும் அளவில்லாமல் பெரிதாக வெட்டிவிட்டேன். சிவப்புத் துணியில் அது ஒரு தூண்டில்போலத் தொங்கியது.

ஊர்வலத்துக்கு முதல்நாள், கியூபெக் நகரத்தில் தலைவர்கள் கூடும் இடத்தைச் சுற்றி வேலி அடைத்திருப்பதையும் கண்ணீர்ப்புகை கிளம்புவதையும் அப்பா செய்தியில் பார்த்தார். வெளியே போய், பாண், பால்மா, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி என்று இரண்டு பை நிறையக் கொண்டுவந்தார். வாளிகளிலும் பானைகளிலும் தண்ணீர் பிடித்தார். குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார்.

"நாளைக்கு ஹர்த்தால்" என்றார்.

ஊரில் ஹர்த்தால் என்றால் கடை பூட்டியிருக்கும். பஸ் ஓடாது. சனம் வீட்டுக்குள் இருக்கும். அதுதான் அங்கே எதிர்ப்பு. அப்பா அம்மாவின் பக்கந்தான், அதில் சந்தேகமில்லை. தானும் வேலைக்கு வரமாட்டேன் என்று உணவகத்துக்குச் சொல்லிவிட்டார். ஹர்த்தாலை ஊரில் பழகியபடி முழுமனத்தோடு செய்தார், அவ்வளவுதான்.

விடிந்ததும் செற்றியை, அதுதான் எங்கள் நீட்டுச் சோபாவை, இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. அம்மா குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, மடித்த பதாகையை மடியில் வைத்தபடி சமையலறையில் இருந்தார். எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார்.

"இஞ்சாருங்கோ, இங்க அப்பிடி இல்லை. நடந்து போய், கத்திப்போட்டு, பேந்து கோப்பி குடிச்சிட்டு வீட்ட போவினமாம்."

"அங்கயும் முதல் அப்பிடித்தான் சொன்னவங்கள்" என்றார் அப்பா.

நான் யன்னலில் நின்று வீதியைப் பார்த்தேன்.

"அப்பா, பஸ் ஓடுது."

"காலமை ஓடும். பேந்து நிப்பாட்டுவாங்கள்."

"மூலைக்கடை திறந்திருக்கு."

"பூட்டுவான். நீ யன்னலடியில நிக்காத."

ஒன்பதரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் ஹெயிட்டிப் பெண். நான் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு வரும் பிரெஞ்சு எல்லாம் என் வாயால்தான் தமிழாகும்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

எனக்கு என்னுடைய கேள்விக்குறி வீதியைக் காணவேண்டும். "அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அப்பா கதவுக்கு முன்னால் செற்றியில் இருக்கிறார்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன்.

"அவருக்கு நாங்கள் செய்வது பிடிக்கவில்லையா?" என்று மதாம் கேட்டார்.

"பிடிக்கும். அதனால்தான். எல்லோரும் வீட்டுக்குள் இருக்கவேண்டுமாம்."

அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் அப்பாவிடம் கொடுத்தேன். "அப்ப ஆர் நடக்கிறது எண்டு கேக்கிறா, அப்பா."

அப்பா பேப்பரை மடித்தார். திரும்ப விரித்தார். உங்கள் வீதியால்தான் வருகிறோம் என்று சொல்லிவிட்டு மதாம் வைத்துவிட்டார்.

முதலில் சட்டி பானை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு. அப்பா எழும்பிப் பல்கனிக்குப் போனார். கீழே நாற்பது ஐம்பது பெண்கள் இருப்பார்கள். முன்னால் ஒரு பொலிஸ்காரர் சைக்கிளைக் குறுக்கே விட்டு, கையைக் காட்டிக் கார்களை மறித்துக்கொண்டு நின்றார். கார்களைத்தான் மறித்தார், பெண்களை அல்ல. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் செற்றியை இழுத்தோம். அதன் கால்கள் பலகைத் தரையில் கிறீச்சிட்டன. பாதியில் சிக்கி, திரும்பத் தள்ளி, திரும்ப இழுத்தோம். அப்பா திரும்பவே இல்லை. சட்டி பானைச் சத்தம் எங்களைக் காப்பாற்றியது என்றுதான் நான் கனகாலம் நம்பியிருந்தேன்.

"நீ அப்பாவோட நில்" என்று சொல்லிவிட்டு அம்மா படிகளில் ஓடினார். மேலேயிருந்து பார்த்தேன். பதாகை விரிந்தது. என் கேள்விக்குறி வீதி முனை திரும்பும்வரை தெரிந்தது.

உள்ளே வந்த அப்பா மேசையைப் பார்த்தார். அம்மாவின் அகதி அட்டை அங்கே கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துச் சப்பாத்தைப் போட்டார். என்னைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். பல்கனிக்குப் போனார். "பொலிஸ் எத்தினை பேர் நிண்டவங்கள்?" என்று கேட்டார். ஒருவர் என்றேன். கால்மணி கழித்துத் திரும்பக் கேட்டார். குளியலறைக்குப் போய்த் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். அது எங்கே போகப்போகிறது? எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே பஸ்கள் போய்வந்துகொண்டிருந்தன. கடை பூட்டவில்லை. அப்பா மத்தியானம் சாப்பிடவுமில்லை.

மூன்று மணிக்கு அம்மா வந்தார். கத்தித் தொண்டை கட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது, கையில் ஒரு கோப்பிக் குவளை. அப்பா முதலில் அட்டையை எடுத்து அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"இது இல்லாமலே போனனீர்?"

"ஐயோ, மறந்துபோனன்."

"கேட்டவங்களோ?"

"ஒருத்தரும் கேக்கேல்ல."

"ஒருத்தருமோ?"

"ஓம். திரும்பி வரேக்க அந்தச் சைக்கிள் பொலிஸ் கையும் காட்டினவன்."

அரசாங்கம் அவர்களுக்கு என்ன பதில் சொன்னது என்று அப்பா கேட்கவே இல்லை. பெண்கள் கொண்டுபோன கடிதத்தை அதிகாரிகள் வாங்கிக்கொண்டார்களாம். அந்த ஆண்டு முடியுமுன் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். மெஷின்கள் எல்லை தாண்டின. சின்னவளே, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

அன்று அட்டையைக் கொடுத்த கையோடு அப்பா குளியலறைக்குள் போனார். தொட்டியின் அடைப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. நிரம்பிய தொட்டி வடிய நேரமெடுக்கும். தண்ணீர் சுழன்று இறங்கும் சத்தம் நின்ற பிறகும் அவர் வெளியே வரவில்லை. அம்மா கோப்பிக் குவளையைக் கையில் பிடித்தபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தண்ணியையும் வீணாக்கிப்போட்டார்" என்று நான் முறையிட்டேன்.

"உஷ்" என்றார் அம்மா. செற்றியைப் பழைய இடத்துக்குத் தள்ள என்னைக் கூப்பிட்டார். கால் தரையில் உரசி உள்ளே அப்பாவுக்குக் கேட்காதபடி, மெதுவாகத் தூக்கச் சொன்னார். ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.