வாசற்படியோடு நின்ற அண்ணாச்சி

வேலாயுதம் அண்ணாச்சி காலமான செய்தி எனக்கு ஒரு வேண்டுகோளோடு சேர்ந்து வந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் காலையில் அங்கன்வாடிக்கே போன் செய்தார்.

"டீச்சர், அப்பா போயிட்டாங்க. தேனி ஆஸ்பத்திரியில வச்சு, விடியக்காலத்துல."

நான் ஆறுதல் சொல்லத் தொடங்குவதற்குள் அவரே தொடர்ந்தார். "ஃப்ளெக்ஸுக்கு ஒரு வரி வேணும். 'அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதவர்'னு போடலாம்னு இருக்கேன். சரியா இருக்கா?"

எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று சொன்னேன். மற்றதை ஒரு வரியில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சியை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். சின்னக்கானலுக்கு மேலே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் லயத்தின் கோயில் கமிட்டித் தலைவர். லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளின் வரிசை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வரிசை முழுக்கத் தும்மும். இப்படிப்பட்ட இடத்தில், அடுத்த வீட்டு விஷயத்தில் எப்போது போய் நிற்பது, எப்போது பேசாமல் இருப்பது என்ற கேள்வி எல்லோருக்கும் தினமும் வரும். அண்ணாச்சிக்கு மட்டும் அது வந்ததே இல்லை. அவர் விடையை முன்கூட்டியே வைத்திருந்தார்.

நான் அங்கன்வாடி வேலை கிடைத்து இங்கே குடிவந்த முதல் வாரத்திலேயே அந்த விடையைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றேன். முன்பக்கக் கொடியில் என் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி வந்து, அதைப் பார்க்காமல் இருக்கப் பெருமுயற்சி எடுத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இத பின்னால காயப்போடுங்க."

"பின்னால பன்னி வந்து இழுத்துட்டுப் போயிருது, அண்ணாச்சி."

"பன்னி பாத்தா பரவால்ல" என்றார். பிறகு தம் கொள்கையை விளக்கினார். "வாசப்படிக்கு உள்ள நடக்கது குடும்ப விஷயம். அதுல நான் தலையிட மாட்டேன். வெளிய நடக்கது லயத்து விஷயம். அதுல தலையிடாம இருக்க மாட்டேன். வித்தியாசம் புரியுதுல்லா?"

புரிந்தது. இவ்வளவு தெளிவான கொள்கை உள்ளவர்களிடம் பேசிப் பயனில்லை என்பதும் சேர்ந்தே புரிந்தது.

அடுத்த ஆண்டு, கடைசி வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போக ஜீப்பின் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினாள். ஜீப் வாசற்படிக்கு வெளியே நின்றதால் கமிட்டி கூடியது. "அங்கதான் இடம் இருந்துச்சு" என்று தாயார் அழுதார். "அப்ப அடுத்த ஜீப்புல போவட்டும்" என்று அண்ணாச்சி தீர்ப்பளித்தார். அடுத்த ஜீப் மதியத்துக்கு மேல்தான் வரும். அந்தப் பெண் தற்போது அண்ணாச்சியின் அக்கறை எட்டாத ஒரு ஹாஸ்டலில் நன்றாகப் படிக்கிறாள்.

அவருக்கு உரிய ஒரு பெருமையை மறைப்பது நியாயமாகாது. எங்கள் பகுதியில் யானை வரும். முதலில் பார்ப்பவர் ஒரு சில்வர் தட்டை எடுத்து அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் எல்லா வீட்டாரும் டார்ச்சோடு வெளியே வந்தாக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் அன்று பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இது யாரும் எழுதி வைக்காத, யாரும் மீறாத வழக்கம். அப்போதெல்லாம் முதலில் வெளியே நிற்பவர் அண்ணாச்சிதான். யானைக்கு அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

எனக்கும் அண்ணாச்சிக்கும் நடுவீட்டில் செல்வி இருந்தாள். கொளுந்து கிள்ளும் வேலை. அவளுடைய கணவன் முத்துராசு அவளை அடிப்பான். சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும். நான் ஒருமுறை கதவைத் தட்டியபோது, "போங்க டீச்சர், பிள்ளைகளுக்கு ஏபிசிடி சொல்லிக் குடுங்க" என்று கதவைச் சாத்தினான். செல்வி அண்ணாச்சியிடம் முறையிட்டாள். அவர் கனிவோடு கேட்டுவிட்டு, "உள்ள நடந்ததுதானம்மா?" என்றார்.

சென்ற மழைக்காலம் முடிந்த சமயம். ஒருநாள் அந்தி நேரத்தில் செல்வி வீட்டிலிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. எல்லோரும் டார்ச்சோடு ஓடினோம். செல்வி உதடு கிழிந்து, தட்டும் கரண்டியுமாக முற்றத்தில் நின்றாள்.

"எங்கட்டி யானை?" என்றார் அண்ணாச்சி.

"உள்ள இருக்கு. பாயில உக்காந்து பீடி குடிக்குது."

யாரோ சிரித்துவிட்டார்கள். செல்வி சிரிக்கவில்லை. "வாசப்படியத் தாண்டி வந்துட்டேன், அண்ணாச்சி. இப்ப லயத்து விஷயந்தான? இன்னைக்கு இல்லன்னா என்னைய ஒருநாள் கொன்னே போட்டுருவான்."

சொந்தக் கொள்கையை இன்னொருவர் வாயால் கேட்பது யாருக்கும் சங்கடம்தான். அண்ணாச்சி டார்ச்சை அணைத்தார். மறுநாள் கோயில் முன்னால் கமிட்டி கூடியது. விசாரணை முத்துராசு அடித்ததைப் பற்றியதல்ல. யானை இல்லாமல் தட்டு அடித்ததைப் பற்றியது.

"யானைத் தட்டுல வெளயாடுனா நாளைக்கு எவன் வருவான்?" என்று அண்ணாச்சி கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்ததுதான் அதிலுள்ள விஷம். "இனிமே அந்த வீட்டுத் தட்டுக்கு யாரும் வெளிய வரக் கூடாது" என்று தீர்மானமாயிற்று. இந்தத் தீர்மானம் யானைகளுக்கு எவ்வாறு தெரிவிக்கப்பட்டது என்று தெரியவில்லை. முத்துராசுவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்த வாரமே, அதே அந்தி நேரத்தில், மறுபடியும் தட்டுச் சத்தம். ஆண்கள் அவரவர் வாசலில் நின்றபடி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மலையைப் பார்த்தார். அப்போது அவருடைய மனைவி பேச்சியக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். கணவர் சொல்லுக்கு அதுவரை மறுபேச்சுப் பேசியறியாதவர்.

"எங்க போற? யானை இல்லன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும். அதான் போறேன்."

அவருக்குப் பின்னால் நாங்கள் பெண்கள் போனோம். முத்துராசு கையில் விறகுக்கட்டை இருந்தது. பேச்சியக்கா அவனைக் கடந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "டீ போடு செல்வி, எல்லாத்துக்கும்" என்றார். ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தோம். அவ்வளவு பேர் நடுவே கட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் முத்துராசு அதை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தான்.

அதன்பின் வேலை முடிந்ததும் தினமும் போனோம். யாரும் அழைக்கவில்லை. முறுக்கு, வெங்காயம் உரிப்பது, சீரியல் கதை என்று பொழுது போனது. முத்துராசு அண்ணாச்சியிடமே புகார் செய்தான்: "எம் வீட்டுல எனக்கு உக்கார எடமில்ல, அண்ணாச்சி."

அண்ணாச்சி வந்தார். வாசற்படி வரை வந்தார். "இது அத்துமீறல்! அடுத்தவன் குடும்பத்துல என்னட்டி வேல?" என்று வெளியே நின்று சத்தம் போட்டார். "உள்ள வந்து பேசுங்க" என்றார் பேச்சியக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கொள்கை அவரை உள்ளே விடவில்லை. திரும்பிப் போய்ப் பழைய சோற்றைத் தாமே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

செல்வி போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். சாட்சியாகக் கூடப் போனது பேச்சியக்கா. முத்துராசு போடியிலுள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போனவன் இன்னும் வரவில்லை. அண்ணாச்சி அதன்பின் மனைவியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் தண்ணீர் வேண்டுமென்றால் நர்ஸிடம்தான் கேட்டாராம். கொள்கைப் பிடிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பேச்சியக்கா கடைசி வரை பக்கத்திலேயே இருந்தார்.

தகனம் முடிந்து ஆண்கள் எஸ்டேட் ஆற்றில் குளிக்கப் போனார்கள். பேச்சியக்கா தனியாக உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதலில் உள்ளே போனவள் செல்வி. கையில் தூக்குவாளி நிறையச் சுக்குக் காப்பி. அவளுக்குப் பின்னால் நாங்கள்.

"யாரையும் நான் கூப்பிடலியே" என்றார் பேச்சியக்கா, சுவரைப் பார்த்தபடி.

"கூப்பிட வேண்டாம்க்கா. கொஞ்சம் நகந்து உக்காருங்க."

நகர்ந்தார். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து தம்ளரில் ஊற்றினாள். அப்போதுதான் அவர் அழுதார்.

அண்ணாச்சி, இறந்தவர்களையும் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது நம்மவர் மரியாதை. உங்களைப் பொறுத்தவரை, போனாலே போதும். அக்காவைப் பற்றிக் கவலை வேண்டாம். நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம்.