கறுப்பு டேப் ஒட்டிய பட்டாசுப் பெட்டி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் யாரோ ஒருவர் வீட்டில், ஒரு பட்டாசுப் பெட்டிக்குள், அண்ணனும் மதினியும் சேர்ந்திருக்கும் கடைசிப் படம் இருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது என்று சொல்ல, அண்ணனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அண்ணன் சிவகாசியில் பிறந்தார். அப்பா தவறியபோது அச்சுத் தொழில்நுட்பப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தார். தேர்வு முடிந்த கையோடு, திருத்தங்கலில் அப்பா நடத்திவந்த அட்டைப்பெட்டி கம்பெனியில் உட்கார்ந்தார். பட்டாசு ஆலைகள் மூடிக்கிடந்த மாதங்களிலும் ஆட்களை நிறுத்தவில்லை. என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். இவை அவருடைய நற்குணங்கள். மற்றவை கேமராக்கள்.

ஒன்று, பிளாஸ்டிக் பொம்மைக் கேமரா. இடுக்கு வழியாக வெளிச்சம் புகுந்து எல்லார் முகத்திலும் சிவப்புக் கோடு இழுக்கும். இரண்டு, யாரோ கழித்துக்கட்டிய பழங்காலக் கேமரா. அதற்கு பிலிம் கிடைக்காது. கிடைத்த அன்று ஷட்டர் சிக்கிக்கொள்ளும். மூன்றாவது வகைதான் வினை. அச்சில் நிறம் விலகிக் கழித்த பட்டாசுப் பெட்டிகளின் உள்ளே கறுப்பு பூசி, தகரத் துண்டில் ஊசித்துளை போட்டுப் பொருத்தி, ஓரமெல்லாம் கறுப்பு டேப் ஒட்டி அவரே செய்தவை. லென்ஸ் கிடையாது. உள்ளே படம் பதியும் தாள் ஒன்று இருக்கும். நான்கு நிமிடம் அசையாமல் இருந்தால்தான் முகம் விழும். எங்கள் வீட்டில் யார் அசையாமல் இருந்தார்கள்? என் நிச்சயதார்த்தப் படத்தில் நாற்காலிகள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

தாளைக் கழுவ இருட்டு வேண்டும். அதற்கு வாய்த்தது வீட்டின் ஒரே குளியலறை.

"ஏலே, குளிக்கப் போனியா, குடியிருக்கப் போனியா?" என்று அம்மா கதவைத் தட்டுவார்.

"தொறந்தா படம் போயிரும்மா."

"எனக்கு பஸ்ஸு போயிரும்லே."

ஒருமுறை ஏழாயிரம்பண்ணைக்கு ஆர்டர் எடுக்கப் போனவர், பட்டாசு ஆலை வாசல் வேம்பில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு வந்தார். சூரியன் போகும் பாதை பதிய வேண்டுமாம். யாருடையது என்று தெரியாத, டேப் சுற்றிய பெட்டியை அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. வெடிமருந்தோ என்று தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிடுவார்கள். ஆலையின் போர்மேன் போன் செய்தார்.

"தம்பி, ஒங்க பெட்டி தொட்டியில கெடக்கு. இனிமே இங்கன எதையாச்சும் கட்டுனீகன்னா ஒங்களையும் சேத்து முக்கிருவேன்."

அண்ணன் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். எங்களுக்குள் வேலைப் பிரிவினை எப்போதும் இப்படித்தான்.

கடைசியாக அவர் பார்த்த தீபாவளி சீசனில், அத்தனை வருடம் மறுத்துவந்த மதினி முதல்முறையாக ஒப்புக்கொண்டு, மாடியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். துளையைத் திறந்து மூடியவள் நான்.

"மூச்சு விடலாமா?" என்றார் மதினி.

"மெதுவா விடு."

சீசன் முடிந்ததும் கழுவலாம் என்று பெட்டியை அலமாரியில் வைத்தார். அம்மா அதையும் உறவினர்களுக்கு அனுப்பும் பட்டாசுப் பெட்டிகளோடு சேர்த்து வேனில் ஏற்றிவிட்டார். "வெயிட்டே இல்லையேன்னு நெனச்சேன். மத்தாப்பு அப்பிடித்தான இருக்கும்" என்றார். தீபாவளி கழியட்டும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார் அண்ணன். தீபாவளி கழிந்தது. அடுத்த வாரமே நெஞ்சுவலி. மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

தீபாவளிக்குக் கொடுத்ததைத் துக்க வீட்டிலிருந்து திருப்பிக் கேட்பது முறையல்ல, வருடம் திரும்பட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். ஒருவேளை வேனில் ஏறாமல் இருந்திருக்குமோ என்று மதினி வீட்டு அலமாரிகளைத் துழாவிக்கொண்டே இருந்தார். எனக்கு இந்த முறைகளில் பொறுமை இல்லை, இருந்தாலும் காத்திருந்தேன்.

நெஞ்சுவலி வந்த அன்று காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஆட்களோடு வேனில் வந்து கடைசிவரை நின்ற போர்மேனுக்கும், கம்பெனியை நிற்கவிடாமல் ஓட்டிய தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியின் மேல் மயில் படம் இருக்கும். நிறம் விலகி இரட்டையாகத் தெரியும். திறக்காமல் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மதினி கோபப்பட மாட்டார்; தேடுவதை நிறுத்திக்கொள்வார். கோபப்பட நான் இருக்கிறேன்.