மைனஸ் காட்டிய கரைசல்

இயற்கை தப்பாக நடந்தால் அதைத் திருத்த ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும் என்று ஐம்பது வயதைத் தாண்டியும் நம்பியவன் நான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளமும் வாங்குகிறேன்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த பெண் மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மாத்திரைகளுக்கு மேல்பூச்சாகப் போடும் ஒரு செல்லுலோஸ் பொடியைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால், அதன் நீள மூலக்கூறுகள் தாமாகவே வரிசைகட்டி நிற்கும். கரைசல் மயில்கழுத்து போல மினுங்கும். அதை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து மேல்தட்டைச் சுழற்றிப் பார்ப்பது அவள் வேலை. சாதாரண பாலிமர் கரைசல் தட்டுகளை விலக்கித் தள்ளும். அந்த விசையை அளக்கும் மீட்டர் பிளஸ் காட்டும். இதுவோ நடுத்தர வேகத்தில் மட்டும் தட்டுகளை உள்ளே இழுக்கிறது, மீட்டர் மைனஸ் காட்டுகிறது என்றாள். நான் நம்பவில்லை. தாமிரபரணித் தண்ணீரைப் பழி சொல்ல மனசு வரவில்லை. மீட்டர் வயரை மாற்றி மாட்டியிருப்பாள் என்று சந்தேகித்தேன்.

வாய்மொழித் தேர்வன்று காலை, யாரும் வருமுன், மீட்டருக்குப் போகும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி முடுக்கினேன். கருவியை நடுத்தர வேகத்தில் ஓட்டினேன். பிளஸ். பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் கேண்டீனில் வடை தின்றேன்.

வெளியூர்த் தேர்வாளர் கருவியை ஓட்டிக் காட்டச் சொன்னார். அவள் மெதுவாகத் தொடங்கினாள். மைனஸ். வேகத்தைக் கூட்டினாள். பிளஸ். இன்னும் கூட்டினாள். மறுபடி மைனஸ். ஆய்வேட்டிலிருந்த வரைபடத்துக்கு அப்படியே தலைகீழ். தேர்வாளர் ஏட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை; அத்தனை வருட உழைப்பும் அந்தக் கோட்டில்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயர் தப்பென்றால் எல்லா வேகத்திலும் அல்லவா மைனஸ் காட்ட வேண்டும்? ஒரே வயர், ஒரே கரைசல். தள்ளுகிறது, இழுக்கிறது, திரும்பத் தள்ளுகிறது. அப்படியானால் அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

“வயரை நான்தான் மாத்தினேன்” என்றேன்.

அவள் வயர்களைக் கழற்றி, பழையபடி மாட்டி ஓட்டினாள். பிளஸ், மைனஸ், பிளஸ். தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

வராந்தாவில் எனக்குக் கொஞ்சம் தைரியம் திரும்பியது. வயரை மாற்றினாலும் குறி நடுவில் திரும்பத்தான் செய்கிறது, என்னால் அதுவும் நிரூபணமாயிற்று பார் என்றேன் அவளிடம்.

“வயரை நான் போன வருசமே மாத்திப் பாத்துட்டேன் சார். மூணாம் அத்தியாயத்துல இருக்கு. படிச்சாச்சுன்னு நீங்க கையெழுத்து போட்டிருக்கியளே.”