உறையில் இல்லாத பெயர்

விதி 14: அங்கத்தவர் எவரும் தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கும் கேள்விக்கு, அது கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வழங்கப்படல் வேண்டும்.

பலேர்மோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு இருந்த யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், இது உண்டு. நல்ல விதி. எழுதியவன் நான். அதை மீறியவனும் நான் ஒருவன்தான்; மற்றவர்களுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துப் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றேன். பிறகு மகளோடு இருக்கலாமென்று பலேர்மோவுக்கு வந்தேன். கால்சாவில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குடும்பத்தைக் கூப்பிட, வேலை ஒப்பந்தம் வாசிக்க என்று எங்கள் ஆட்கள் கடதாசிக் கட்டுகளோடு அந்தப் படிகளில் ஏறி வந்தார்கள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீட்டு வேலைக்காரருக்கு விடுமுறை என்பதால், அந்த இரண்டு நாளும் எனக்கு விடுமுறை இல்லை. சங்கம் தொடங்கியபோது யாப்பை எழுதும்படி என்னைத்தான் கேட்டார்கள். தேர்தல் அலுவலராகவும் என்னையே போட்டார்கள். ஊரில் எத்தனையோ வாக்குப் பெட்டிகளுக்கு அரக்கு வைத்தவன். மறுப்பதற்கு நியாயம் இல்லை.

என் யாப்பில் ஒரு புதுமை இருந்தது. தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் தன்னோடு சேர்த்து ஓர் உபதலைவரையும் நிறுத்த வேண்டும். அந்தப் பெயரை, சம்பந்தப்பட்டவர் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தோடு உறையிலிட்டு, அரக்கு வைத்து என்னிடம் தர வேண்டும். பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் உறை திறக்கப்படும். உடனே வாக்களிப்பு. முன்கூட்டியே பெயர் தெரிந்தால் பேரம் பேசுவார்கள் என்பதற்காக அப்படிச் செய்தேன். பேரம் நின்றது. ஊகம் தொடங்கியது.

1996 இலையுதிர்காலம் அது. தலைவராக வரக்கூடியவர் ஒருவர்தான்: பல்லரோ சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்தார். அரிசி, கருவாடு, வீடியோ கசெற், தொலைபேசி அட்டை எல்லாம் அங்கே கிடைக்கும். எதிர்த்து நின்றவருக்குத் தன் மனைவியின் வாக்கிலும் நிச்சயமில்லை. ஆகவே முழுப் பேச்சும் கடைக்காரரின் உறைக்குள் யார் என்பதாகவே இருந்தது. கடையில் சாமான் வாங்குகிறவர்களைவிடக் கணக்குப் போடுகிறவர்கள் கூடுதலாக நின்றார்கள்.

"தீவு ஆளைப் போட்டால் மன்னார் ஆக்கள் முகத்தைத் திருப்புவினம்."

"மன்னார் ஆளைப் போட்டால்?"

"மாதா கோயிலும் சுவாமியாரும் சேர்ந்து வரும். ஆனால் அங்கை ஆர் இருக்கினம், மேசையில கொண்டுபோய் இருத்திறமாதிரி?"

கணக்கில் மூன்று விடயங்கள் இருந்தன. ஊர் ஒன்று, சமயம் ஒன்று. மூன்றாவதை யாரும் வாயால் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். வழியில் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த மூன்றாவதைத் தொலைத்துவிட்டு வந்தவர் ஒருவரையும் நான் காணவில்லை.

மன்னார்க்காரர் ஒருவர் இருந்தார். வயது நாற்பது தாண்டியிருக்கும். வியா லிபெர்தாவில் ஒரு கிழ இத்தாலியச் சின்யோராவோடு தங்கி அவரைப் பராமரித்தார். மனைவியும் மகளும் மடுவில் அகதி முகாமில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடச் சின்யோரா பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்திருந்தார். கோப்பு குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், இருந்தது. அந்த வேலையும் அந்த முகவரியும் மாறாமல் இருக்கும் வரைக்கும்தான் அது உயிரோடு இருக்கும். படிவத்தை நிரப்பியவன் நான் என்பதால் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். மற்றவர்களுடன் நான் 'நீங்கள்' என்று கதைப்பேன். அவரோடு மட்டும் 'நீர்'. ஏன் என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

விளையாட்டைத் தொடங்கியவன் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவன். வாய்க்காரன். ஒரு வியாழன் பின்னேரம் கடையில் நான் நிற்கும்போதே மன்னார்க்காரரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, உங்கட பேர்தான் அடிபடுது."

"எங்கை?"

"எங்கையோ? முழுப் பல்லரோவிலையும். மீன் விக்கிற இத்தாலியன்கூட விசாரிக்கிறான்."

"சும்மா போம் தம்பி. என்னை ஆர் போடப்போயினம்."

"அதுதானண்ணை விசேஷம். ஆரும் நினைக்காத ஆளைத்தான் போடுவினம். இப்ப அமெரிக்காவிலையும் எலெக்சன். அங்கையும் உப்பிடித்தான் பாக்கிறது, ஆரைப் போட்டால் எந்தப் பக்கத்து வோட்டு வரும் எண்டு. நீங்கள் மன்னார், வேதக்காரர், பூசைக்குத் தவறாத ஆள். வேறை என்ன வேணும்?"

வேறு என்ன வேண்டும் என்பது கடையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் கருவாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மன்னார்க்காரர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வியாழன் மினுக்கிய சேட்டோடு வந்தார்.

கோப்பை கழுவுகிறவன் என் வீட்டுப் படியேறினான்.

"ஐயா, ஒரு சம்மதப் பத்திரம் தாங்கோ."

"ஆருக்கு?"

"உங்களுக்குத் தெரியும்தானே ஐயா."

படிவம் கேட்பவனுக்குப் படிவம் கொடுப்பது அலுவலரின் கடமை. எதற்கென்று விசாரிக்கும்படி எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் நான் விசாரித்தேன், அவன் சொன்னான், நான் கொடுத்தேன்.

கடையில் மீன் வைக்கும் குளிர்பெட்டியின் மூடிக்கு மேலே வைத்து மன்னார்க்காரர் கையெழுத்திட்டார். கடைக்காரரே தன் பேனையைக் கொடுத்தார். "முழுப்பேரா எழுதுங்கோண்ணை, தகப்பன்ரை பேரோடை. பிறகு ஐயா பிழை பிடிப்பார்" என்றான் கோப்பை கழுவுகிறவன். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கினார். எழுதி முடித்துக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"பாப்பம்" என்றார் கடைக்காரர்.

பொய் சொல்லாமல் ஒருவனை ஏமாற்றுவதற்குத் தமிழில் இதைவிடச் சிக்கனமான சொல் இல்லை. பிறகு, அரிசியை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கிடையில உங்கட ஆக்களோடை ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்."

மன்னார்க்காரர் கதைத்தார். ஐந்து கிழமை கதைத்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் போர்கோ வெக்கியோவில் எங்கள் ஆட்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கினார். தனக்கென்று கேட்கவில்லை, கடைக்காரருக்குத்தான் வாக்குக் கேட்டார். கடைக்காரர் ஏன் அந்த விளையாட்டை நிறுத்தவில்லை என்று யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பத்திரத்தை அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே, தொலைபேசி அட்டை விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார். மன்னார்க்காரர் வரும்போது அதன்மேல் ஒரு செய்தித்தாள் கிடக்கும். அவர் போனதும் செய்தித்தாளை எடுப்பார்கள். நானும் அரிசி வாங்கப் போகும்போதெல்லாம் குனிந்து பார்த்துச் சிரித்தேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

கூட்டத்துக்குப் பதின்மூன்று நாள் இருக்க, ஒரு திங்கட்கிழமை, அவருடைய கடிதம் வந்தது. கடைக்காரரின் உறையும் அதற்கு முந்திய கிழமையே அரக்கோடு என் அலுமாரிக்கு வந்துவிட்டது.

"மதிப்புக்குரிய தேர்தல் அலுவலர் ஐயா அவர்களுக்கு. உபதலைவருக்குச் சனிக்கிழமைகளில் கூட்டம் இருக்கும் என்பதால் சின்யோராவிடம் சனிப் பின்னேரம் லீவு கேட்டேன். அவவின் மகன் வேலை வேணுமா லீவு வேணுமா என்று கேட்கிறார். அடுத்த வெள்ளி மட்டும் தவணை தந்திருக்கிறார். எனது சம்மதப் பத்திரம் தங்களிடம் வந்து சேர்ந்ததா என்று மாத்திரம் அறியத் தரவும். சேரவில்லை என்றால் நான் லீவு கேட்டதை விட்டுவிடுவேன். குடும்பத்தின் விசயம் தங்களுக்குத் தெரியும்."

தெளிவான கடிதம். கச்சேரியில் பட்டதாரிகள் எழுதியவற்றைவிடத் தெளிவானது. உறைக்குள் இருப்பதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. கண்ணாடிக்குக் கீழே இருப்பதைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. 'சேரவில்லை' என்ற ஒரு சொல் போதும்.

கடிதத்தில் அங்கத்துவ இலக்கம் இல்லை என்று கண்டுபிடித்தேன். இலக்கம் இருக்க வேண்டுமென்று விதியில் இல்லை. இருந்தாலும் திகதி முத்திரை குத்தி, 'நிலுவை' என்று எழுதிய கோப்பில் வைத்தேன். உறை திறக்கும்போது அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க மற்றவர்களைப் போல எனக்கும் ஆசை இருந்தது. அவர்கள் கடையில் நின்று ஆசைப்பட்டார்கள். நான் அலுவலகக் கோப்பில் ஆசைப்பட்டேன்.

அந்த வியாழன் அவரைச் சந்தை முனையில் கண்டேன்.

"ஐயா, என்ரை கடிதம்?"

"கிடைச்சது."

"மறுமொழி?"

"ஒழுங்கின்படி வரும். நீர் யோசியாதையும்."

அவர் முகம் தெளிந்தது. ஒழுங்கு என்ற சொல் அவருக்கு நல்ல செய்தியாகப் பட்டிருக்க வேண்டும். அடுத்த வியாழனும் கடந்து வெள்ளி வந்தது. பதில் வரவில்லை. சனிக்கிழமை லீவு வேண்டும் என்று சின்யோராவின் மகனிடம் சொல்லிவிட்டார். தான் உபதலைவராக வரப்போவதையும் சொன்னாராம். "எதுக்கு உபதலைவர்?" என்று மகன் கேட்டுவிட்டு வீட்டுத் திறப்புக் கோர்வையை வாங்கிக்கொண்டானாம். இதெல்லாம் பிறகு வெளிவந்தது.

ஞாயிறு பூசைக்குப் பின் கோயில் மண்டபத்தில் கூட்டம். சின்யோரா எப்போதோ கொடுத்த, செத்துப்போன புருஷனின் கோட்டைப் போட்டுக்கொண்டு மன்னார்க்காரர் முதல் வரிசையில் இருந்தார். கோட்டின் தோள் இரண்டும் வெளியே தொங்கின. கதவடியில் ஒரு சூட்கேஸ். கூட்டத்துக்குப் பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

அரக்கை உடைத்தேன். பெயரை வாசித்தேன். கடைக்காரரின் மனைவியின் தம்பி. அதுவரை ஒரு கூட்டத்துக்கும் வராதவர். அதே ஊர், அதே சமயம், அதே மூன்றாவது. ஐந்து கிழமை போட்ட கணக்கெல்லாம் தேவையற்றதாகப் போய்விட்டது.

மண்டபம் முழுவதும் மன்னார்க்காரரின் பிடரியையே பார்த்தது. அவர் எழுந்து மேசைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மெல்லத்தான் கேட்டார்.

"ஐயா, மற்றப் பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். தாளைத் திருப்பிச் சபைக்கும் காட்டினேன், அது முறை. வெறுமையாக இருந்தது.

"வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ ஐயா" என்றது பின்வரிசையிலிருந்து கோப்பை கழுவுகிறவனின் குரல்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அலுவலர் சிரிக்கக் கூடாது. மன்னார்க்காரரும் கொஞ்சம் சிரித்தார், மரியாதைக்கு. பிறகு வாக்களிப்பு வரிசையில் சூட்கேசோடு நின்றார். தன் முறை வந்ததும் வாக்குப் போட்டார். வாக்காளர் இடாப்பில் அவர் பெயருக்கு நேரே நான் கோடு போட்டேன். கடைக்காரர் வென்றார். போர்கோ வெக்கியோவில் மன்னார்க்காரர் சேர்த்துக் கொடுத்த வாக்குகள் ஒன்றும் பிசகாமல் விழுந்திருந்தன. வாக்குக் கொடுத்த பிறகு மாறுவது அவர்களுக்குப் பழக்கமில்லை.

மன்னார்க்காரர் மூன்று கிழமை ஒரு தெரிந்தவரின் அறையில் நிலத்தில் படுத்தார். பலேர்மோவில் வேலை தேடியதாகத் தெரியவில்லை. பிறகு வடக்கே, ரெஜ்ஜோ எமிலியாவுக்கு ரயிலேறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய மனைவியின் கோப்பு எந்த வரியில் போய் விழும் என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

1998 தொடக்கத்தில் புதிய அலுவலரிடம் பொறுப்புக் கொடுத்தேன். நிலுவையில் ஒரு கடிதம் இருக்கும்போது கோப்பைக் கையளிக்க முடியாது. ஆகவே பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. அதில் கண்ணாடி, செய்தித்தாள், என் ஆசை எல்லாம் இருந்தன. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாதவை என்று வெட்டினேன். மிஞ்சியது இவ்வளவுதான்: "உமது கடிதம் தொடர்பாக. உமது சம்மதப் பத்திரம் எமக்குக் கிடைக்கவில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கத்துவ இலக்கம் குறிப்பிடப்படாமையால் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறேன்."

சுவாமியாரிடம் முகவரி வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததற்கான அட்டை பத்து நாளில் திரும்பி வந்தது. தகப்பன் பெயரோடு, ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கிய அதே கையெழுத்து. அதன்பின் ஒன்றும் வரவில்லை. வராது என்று முடிவு செய்து நிம்மதியாகவும் இருந்தேன்.

பிறகு ஒருநாள் வந்தது. கோடு போட்ட கொப்பித் தாள் ஒன்று. மேலே அங்கத்துவ இலக்கம், அதற்குக் கீழே இரண்டு கோடு.

"உம்முடைய கடிதம் கிடைத்தது. விதி 9 இன்படி சம்மதம் தந்தவர் அதை எழுத்தில் மீளப்பெறலாம். மீளப்பெறுகிறேன். பத்திரம் கடைக் கண்ணாடிக்குக் கீழே கிடந்தது என்றும் நீர் கண்டனீர் என்றும் இங்கே வந்த ஒருவர் சொன்னார். அதை எடுத்து அனுப்பும். மனைவி பிள்ளையின் கோப்பை மூடிவிட்டார்கள். அவர்கள் மடுவில்தான் இருக்கிறார்கள். இதற்கு ஏழு நாளுக்குள் பதில் தரவும்."

அலுவலர் பொறுப்பு அப்போது என்னிடம் இல்லை. முத்திரையை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். மையில் தோய்த்து, தாளின் மூலையில் நேராகக் குத்தினேன்: பெறப்பட்டது, 19 மார்ச் 1998, வியாழக்கிழமை.