எண்ணெய் பூசிய மடக்கு சைக்கிள்

சைக்கிள் வாங்கிய அன்றைக்கு இருந்தவர்கள் நாலே பேர். நான், என் மகள் ஜெசிந்தா, என் தம்பி தேவசகாயம், கேளம்பாக்கத்தில் சைக்கிளை விற்ற நிவேதா. யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

ஜெசிந்தாவுக்குக் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு விடுதியில் கணக்கு வேலை. ரயிலை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் போகணும். ஷேர் ஆட்டோவோ ஆள் நிறையாமல் நகராது. இன்னொரு நாள் லேட்டானால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று வார்டன் சொல்லிவிட்டார். அதனால்தான் ரயிலிலேயே கொண்டுபோகிற மடக்கு சைக்கிள். சைக்கிளை எப்படி மடிப்பார்கள், அது என்ன சேலையா? பார்த்தே ஆகணும் என்று நானும் கிளம்பினேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூரில் திரும்பி, சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆனது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தம்பிக்கு மட்டும் டிக்கெட், அதையும் நான்தான் எடுத்தேன்.

நிவேதா ஐ.டி.யில் வேலை பார்க்கிற பெண். நடுவில் இருந்த தாழ்ப்பாளைத் தூக்கினாள், சைக்கிள் புத்தகம் மாதிரி மூடிக்கொண்டது. "இன்னொரு தடவை செய்ம்மா" என்றேன். மூன்று தடவை செய்யவைத்தேன். பூட்டியபின் நடுக்கீல் ஆடுகிறதா, சீட்டு கீழே இறங்குகிறதா, உப்புக்காற்றில் போல்ட்டு துருப்பிடித்திருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். "ஆன்ட்டி, எனக்கே இவ்ளோ தெரியாது" என்று சிரித்தாள். ஏழாயிரத்துக்கு முடிந்தது.

திரும்பும்போது கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னா ஆயா இது, தையல் மிஷினா?"

"சைக்கிள்பா."

"சைக்கிளா! பாதி எங்க கீது?"

பஸ்ஸே சிரித்தது.

எங்கள் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுவது வழக்கம். காராக இருந்தால் முன்பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைப்போம். சைக்கிளுக்கு முன்பக்கம் ஏது? தம்பி ஆலிவ் எண்ணெயைக் கையில் ஊற்றி, இரண்டு சக்கரத்து ரிம்மிலும் சுற்றிச் சுற்றித் தடவினான்.

"டேய், பிரேக் பிடிக்கிற இடம்டா அது."

"உருள்ற இடத்துக்குத்தானேக்கா பாதுகாப்பு வேணும்? உனக்கு விசுவாசம் பத்தாது."

"விடும்மா, ஜெபம் பண்ற நேரத்துல" என்றாள் ஜெசிந்தா. துடைக்கவும் விடவில்லை.

திங்கள் காலை ஸ்டேஷனுக்குப் போகிற சரிவில் பிரேக் வழுக்கியது. இளநீர் வண்டியில் மோதி நின்றாள். முட்டி கிழிந்தது, ரயிலும் போனது. வேலை என்ன ஆனதென்று அவள் போன் வரும்வரை எனக்குச் சமையலே ஓடவில்லை. முட்டியில் ரத்தத்தைப் பார்த்து, இதுதான் கடைசி என்று வார்டன் விட்டாராம். வேலை தப்பியது.

அன்று சாயங்காலமே பாத்திரம் தேய்க்கிற சோப்பால் ரிம்மைக் கழுவி, பிரேக் கட்டையை மாற்றினோம். இப்போது வார்டன் வருவதற்கு முன்னாலேயே போய் உட்காருகிறாள்.

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு: கடைசி விலை பேசுமுன் நாலு தடவை மடக்கி விரித்துப் பாருங்கள். எண்ணெய் செயினுக்கும் கீலுக்கும் மட்டும். ரிம்மில் விரல்கூடப் படக்கூடாது. மழையில் நனைந்தால் துடைத்துவிட்டு மடக்குங்கள். ரயிலில் வாசலை மறிக்காமல் காலோடு ஒட்டி வையுங்கள்.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்கிற நேரம். தம்பி எழுந்தான். "நான் எண்ணெய் பூசினதாலதான் எங்க அக்கா பொண்ணு முட்டிக் காயத்தோட தப்பிச்சா" என்றான். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். ஜெசிந்தாவும் சொன்னாள்.

டிக்கெட்டை மன்னித்தேன். எண்ணெயைக்கூட மன்னித்தேன். அந்தச் சாட்சிக்காக மன்னிக்கவே மாட்டேன், தேவசகாயத்தை.